புது வீட்டுக்கு ஈபி சர்வீஸ்: வயரிங் சோதனை முதல் லிஃப்ட் உரிமம் வரை, வாசகர் கேள்விகள்

அண்ணன் வீடு பக்கத்து மனையில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஒயர் இழுத்துக் கட்டட வேலைக்குக் கரண்ட் எடுக்கலாமா? மாதாமாதம் பில்லை நாங்களே கட்டிவிடுவோம்.

கூடாது. பில்லை யார் கட்டினாலும், ஒரு மனைக்குக் கொடுத்த மின்சாரத்தை வேறு மனையில் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின் கீழ் வரும். பொருந்தும் கட்டண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எத்தனை நாளாக நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் கணக்குப் போடலாம். நோட்டீஸ் உங்கள் அண்ணன் பெயருக்குத்தான் வரும்.

கட்டுமானத்துக்கென்று தற்காலிக சர்வீஸ் வாங்குங்கள். யூனிட் விலை வீட்டு விகிதத்தைவிட அதிகம்தான், ஆனாலும் அதுதான் நேர்வழி. சைட் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யும் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் கருவி) முறையான எர்த்தும் கட்டாயம் இருக்கட்டும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று வைப்ரேட்டர் பிடிப்பவரின் உயிர் அந்த ஒரு கருவியை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டு படுக்கையறை வீடு. சிங்கிள் பேஸ் போதுமா?

தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரைதான் சிங்கிள் பேஸ். ஒன்றரை டன் ஏசி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட், கீசருக்கு 2, ஒரு எச்பி மோட்டாருக்கு முக்கால் என்று கூட்டிப் பாருங்கள். லைட், ஃபேனைச் சேர்க்குமுன்பே 4-ஐத் தாண்டிவிடும். விண்ணப்பத்தில் லோடைக் குறைத்துக் காட்டிப் பிறகு ஏற்றிக்கொள்வதைவிட, இப்போதே த்ரீ பேஸ் கேட்டு, ஏசி, கீசர், மோட்டார் மூன்றையும் தனித்தனி பேஸில் பிரித்துப் போடுங்கள்.

எங்கள் வயர்மேனிடம் லைசென்ஸ் இல்லை. வேறொரு கான்ட்ராக்டர், வீட்டைப் பார்க்காமலேயே டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வாங்காதீர்கள். சுவருக்குள் இருப்பதை மீட்டர் பொருத்த வருபவரால் பார்க்க முடியாது. உள்ளே கிடக்கும் ஒயர் சரியாக இருக்கிறது என்று சொல்லும் ஒரே தாள் அந்த ரிப்போர்ட்தான். அதில் அளக்காத எண்ணை எழுதுவதற்குக் காசு கொடுப்பதாகிவிடும்.

உரிமம் பெற்ற கான்ட்ராக்டரையே நேரில் வரச் சொல்லுங்கள். உரிம எண்ணையும், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பாருங்கள். பிறகு ஒயர் சோதனை, எர்த் சோதனை இரண்டையும் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள்.

முதலில் மெகர், அதாவது ஒயரின் தோல் (இன்சுலேஷன்) நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி. மெயினை ஆஃப் செய்து, பல்புகளைக் கழற்றி, டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், சர்ஜ் புரொடெக்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 500 வோல்ட் டிசி அவற்றைக் கெடுத்துவிடும், அளவும் தப்பாக வரும். எம்சிபி-களும் (லோடு மிஞ்சினால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) மற்ற சுவிட்சுகளும் ஆனில் இருக்கட்டும். ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். இது விதி சொல்லும் அடிமட்டம். புது ஒயரிங் இதைவிடப் பல மடங்கு காட்டும். குறைவாக வந்தால் சர்க்யூட் சர்க்யூட்டாகப் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தால் பெரும்பாலும் பூச்சு ஈரம், காய்ந்தபின் ஏறிவிடும். ஒரே ஒரு சர்க்யூட் மட்டும் காய்ந்த பிறகும் குறைவாகவே காட்டினால், பைப் வளைவில் இழுக்கும்போது தோல் உரிந்திருக்கிறது, அல்லது ஆணி இறங்கியிருக்கிறது. அந்த ஒயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது எர்த். எர்த் பிட்டில் பைப்போடு சேரும் கம்பியைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் வேறு வழியாகப் போகும் எர்த்தும் சேர்ந்து நல்ல எண் காட்டும், ஏமாந்துபோவோம். வீட்டுக்கு 5 ஓமுக்குள் வந்தால் திருப்தி. அதிகமாக இருந்தால் குழியை உடைந்த செங்கல், ஜல்லியால் மூடியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மிக அதிகம் காணும் தவறு இதுதான். பாறை நிலமென்றால் இரண்டாவது பைப் இறக்கி இணையுங்கள். 2.5 மீட்டர் பைப்புக்கு இடைவெளி குறைந்தது 5 மீட்டர் வேண்டும். நெருக்கிப் போட்டால் இரண்டாவது பைப்பால் பெரிய பயனில்லை. பைப் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கட்டும். இன்னும் பூச்சு வேலை ஆரம்பிக்கவில்லை என்றால், ஒவ்வொரு சுவரிலும் பைப் போகும் பாதையை அளவு டேப்போடு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

குடியேறிய நாள் முதல் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிறது. எல்லா எம்சிபி-யையும் ஆஃப் செய்தாலும் நிற்கவில்லை. எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

கழற்ற விடாதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளமே காரணத்தைக் காட்டுகிறது. வீட்டு எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஸ்விட்ச் பாக்ஸ் திருகு ஏறி நசுங்கியிருக்கலாம், சாக்கெட்டில் நியூட்ரலும் எர்த்தும் மாறியிருக்கலாம்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு, டிபி பாக்ஸின் (எம்சிபி-கள் இருக்கும் பெட்டி) நியூட்ரல் பாரிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகரில் எர்த்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த அளவு காட்டும் ஒயர் போகும் பாயின்டுகளை மட்டும் திறந்தால் போதும். எல்லாம் நன்றாக இருந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள்: அதன் அவுட்புட் நியூட்ரலை ஆர்சிசிபி-க்கு முன்னால் உள்ள மெயின் நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருந்தாலும், இரண்டு ஆர்சிசிபி-களின் நியூட்ரல்கள் கலந்திருந்தாலும் இதே தொல்லை வரும்.

மூன்றாவது மாடி போடப் போகிறோம். தெருவில் 11 கேவி லைன் போகிறது. எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

பக்கவாட்டில் 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலே போனால் உயரத்தில் 3.7 மீட்டர். வீடுகளுக்கு வரும் சாதாரண எல்டி (குறைந்த அழுத்த) லைனுக்குப் பக்கவாட்டில் 1.2, உயரத்தில் 2.5. 33 கேவி-க்குப் பக்கவாட்டு அளவு 2 மீட்டர். சுவரிலிருந்து அளக்காதீர்கள்; சன்ஷேடோ பால்கனியோ, எது வெளியே அதிகம் நீட்டியிருக்கிறதோ அதன் நுனியிலிருந்து அளக்க வேண்டும். கம்பி வெயிலில் தொய்வதையும் காற்றில் ஆடுவதையும் சேர்த்துத்தான் இந்த இடைவெளி. கம்பிக்குப் பிளாஸ்டிக் பைப் மாட்டிவிட்டால் தூரம் குறையலாம் என்பது ஆபத்தான பேச்சு. இடைவெளி போதாவிட்டால் லைனைத் தள்ளிப்போட உங்கள் செலவில் செய்யும் டிசிடபிள்யூ வேலையாக விண்ணப்பிக்கலாம். சென்ட்ரிங் அடிக்குமுன் அது முடிந்திருக்க வேண்டும்; மின்சாரம் ஓடும் லைனுக்குப் பக்கத்தில் கம்பி தூக்கும்போதுதான் ஆட்கள் உயிரை விடுகிறார்கள்.

அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் வைக்கிறோம். ஈபி ஒப்புதல் இருந்தால் போதாதா?

போதாது. லிஃப்ட் அரசு மின் ஆய்வுத் துறையின் பொறுப்பு. 1997-ஆம் ஆண்டு லிஃப்ட் சட்டப்படி, நிறுவ ஒரு அனுமதி, நிறுவிய பின் ஆய்வு முடித்து இயக்க ஓர் உரிமம் என்று இரண்டு கட்டம். கட்டடம் 15 மீட்டரைத் தாண்டினால் மின் இணைப்புக்கே மின் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது பவர் கேபிள் போகும் டக்ட்: அதில் தண்ணீர்ப் பைப்போ வேறு கேபிளோ ஓடக் கூடாது, ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்பு அடைப்பு இருக்க வேண்டும். பிளம்பர் இடம் தேடி அந்த டக்டுக்குள் பைப் இறக்குவதற்கு முன்பே கதவு போட்டுப் பூட்டிவிடுங்கள்.