கட்டடக்கலை முதுமாணி முடிக்க என்ன தேவை? இறுதி ப்ரொஜெக்டில் நின்றுபோன ஒருவருக்கு என் பதில்

கேள்வி இதுதான்: "கட்டடக்கலையில் தொழில்முறை முதுமாணிப் பட்டத்தை முடிக்க என்னென்ன பூர்த்தி செய்ய வேண்டும்? பாடங்கள் எல்லாம் பாஸ். இறுதி டிசைன் ப்ரொஜெக்ட் மட்டும் நிற்கிறது. விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே வரியை நானும் ஒருமுறை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நான் திருகோணமலை. அவுஸ்திரேலியாவில் மூன்றாண்டு முதல் பட்டமும் இரண்டாண்டு முதுமாணியும் படித்தேன். இரண்டாண்டு என்பது எனக்கு இரண்டரை ஆண்டானது. நீங்களும் வெளிநாட்டில், விசாவும் கல்விக் கட்டணமும் கழுத்தை நெரிக்கிற நிலையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை வாசியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எம்.ஆர்க், அதாவது கட்டடக்கலை முதுமாணி, என்ற பெயர் எல்லா நாட்டிலும் ஒன்றையே குறிப்பதில்லை. இந்தியாவில் ஐந்தாண்டு பி.ஆர்க் தான் தொழிலுக்கான பட்டம். 1972 ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி அதை வைத்தே பதிவு செய்கிறார்கள். அங்கே எம்.ஆர்க் அதற்கு மேல் படிக்கிற சிறப்புப் படிப்பு. அவுஸ்திரேலியாவில் மூன்றும் இரண்டும் சேர்ந்த ஐந்து ஆண்டுகளில் அந்தக் கடைசி இரண்டுதான் தொழிலுக்கான பட்டம். அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க் தொழிலுக்கான பட்டமே. முதல் பட்டத்தையும் சேர்த்துக் குறைந்தது 168 செமஸ்டர் கிரெடிட், அதில் 30 முதுநிலைப் பாடங்களாக இருக்க வேண்டும். ஆகவே சென்னையில் எம்.ஆர்க் முடித்த ஒருவரின் ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். என் ஆலோசனையும் அப்படித்தான். உங்கள் துறையின் கையேட்டை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டூடியோ என்கிற வடிவமைப்புப் பாடம், கட்டுமானத் தொழில்நுட்பம், வரலாறும் கோட்பாடும், பிறகு தொழில் நடைமுறை என்று ஒரு பாடம். ஒப்பந்தம், கட்டணம், சட்டப் பொறுப்பு எல்லாம் அதில்தான் வரும். பலர் அதைச் சலிப்போடு கடத்துவார்கள். அதன் குறிப்புகளை எறிந்துவிடாதீர்கள், ஏன் என்று கீழே வரும். நீங்கள்தான் எல்லாவற்றிலும் பாஸ் என்கிறீர்களே. உங்களுக்கும் பட்டத்துக்கும் நடுவில் நிற்பது இறுதி ப்ரொஜெக்ட் மட்டும். எனக்கும் அதுதான் நின்றது.

நான் எடுத்தது திருகோணமலையில் சுனாமிக்குப் பிறகு உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட ஒரு மீனவர் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள்ளும் தெற்கு மேற்கில் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அரசு சொன்னதும், பிறகு அதைத் தளர்த்தியதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குள் பல சனம் கடற்கரையை விட்டுப் போய்விட்டது. கிடைத்த வீடுகள் பெரும்பாலும் 500 சதுர அடி. எந்த நிறுவனம் கட்டியது என்று எழுதமாட்டேன், வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தக் குடியிருப்பில் என் மாமாவின் வீடும் ஒன்று.

ஊரில் களவேலை செய்ய யூலை மாத விடுமுறையில் வந்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலம். வெயில் கொளுத்தும், பின்னேரம் கடலிலிருந்து காற்று வரும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இராது. மூன்று கிழமை நின்று அளந்து, படம் எடுத்து, திரும்பிப்போய் வரைந்தேன். கிழக்குப் பக்கம் முழுவதும் கடலைப் பார்த்துத் திறந்த பெரிய முன்றில். மெல்லிய தூண்கள், குறுகிய தாழ்வாரம். மொடல் அழகாக வந்தது. சக மாணவர்கள் வந்து வந்து படம் எடுத்தார்கள்.

வரைந்ததை ஆசிரியர்களும் வெளியாட்களும் பார்த்துக் கேள்வி கேட்கிற அமர்வுதான் ஜூரி. இடைக்கால ஜூரியில் வெளியிலிருந்து வந்த ஒரு கட்டடக்கலைஞர் படங்களை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி: "டிசம்பரில் இங்கே என்ன நடக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. திருகோணமலையில் பிறந்து பத்தொன்பது மாரி பார்த்தவள் நான். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, கடலிலிருந்து, சாய்த்து அடிக்கிறது. நான் திறந்து வைத்த பக்கமே அதுதான். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். தென் அரைக்கோளத்தில் பல வருடம் இருந்து, வடக்கு வெயில்தான் வீட்டுக்கு நல்ல வெயில் என்ற பழக்கத்தில் ஜன்னல்களை வைத்திருந்தேன். நாங்கள் இருப்பது 8.5 பாகை வட அகலக்கோட்டில். நண்பகல் சூரியன் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் எங்களுக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்கே நிற்கிற அந்த மாதங்கள்தான் எங்கள் ஊரில் அனல் பறக்கிற மாதங்கள். நான் வீட்டுக்குள் கூப்பிட்டிருந்தது அந்த வெயிலைத்தான். மறுசமர்ப்பிப்பு என்று முடிவு வந்தது. இன்னொரு செமஸ்டர், இன்னொரு கட்டணம்.

அன்றிரவு மாமாவுக்கு அழைத்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். அவர் கேட்டார், "பிள்ளை, மாரியில தண்ணி எந்தப் பக்கத்தால வாறது எண்டு உனக்குத் தெரியாதே? நீ சின்னனில எங்கட வாடிக்குள்ள நனைஞ்சுகொண்டு நிண்டனி எல்லோ." வாடி என்றால் கடற்கரையில் மீனவர் போடும் கொட்டில். அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வியப்பு.

டிசம்பரில் திரும்பி வந்தேன். கடன் வாங்கித்தான் வந்தேன். கொழும்பிலிருந்து இரவு ரயில், விடியும்போது சீனன்குடா தாண்டும்போதே மழை. இந்தமுறை வீட்டை அளப்பதோடு நிற்காமல் வீட்டுக்காரர் பிறகு என்ன சேர்த்தார்கள் என்று அளந்தேன். 11 வீடுகள். பதினொன்றிலும் பத்தி, அதாவது வீட்டுச் சுவரோடு ஒட்டிய சாய்ப்பு, இறக்கியிருந்தார்கள்! கொடுத்த வீட்டில் வலை வைக்க இடமில்லை. போட் எஞ்சினைக் கடற்கரையில் விட்டால் களவு போகும், அதை இரவில் எங்கே வைப்பது? குசினியை உள்ளே வைத்துப் புகைபோக்கி இல்லாமல் கட்டியிருந்தார்கள், விறகில் சமைக்கிற பெண்கள் அதற்குள் எப்படி நிற்பது? எல்லாம் பத்திக்குள் வந்திருந்தன. சீற்றுக் கூரை, பனை மரச் சிலாகை, வாடைப் பக்கத்துக்கு மட்டும் கிடுகுத் தட்டி. மாரி முடிந்ததும் தட்டியைக் கழற்றிவிடுவார்கள். ஒரு மாமி சொன்னார், "வீடு அவை தந்தது. நாங்க இருக்கிறது இதுக்குள்ளதான்."

அந்த இடத்தில்தான் என் ப்ரொஜெக்ட் தொடங்கியது. பத்தியைப் பிற்சேர்க்கை என்று பார்க்காமல், அதையே வீட்டின் முதல் பகுதியாக வைத்து வரைந்தேன். சுவரில் அதைத் தாங்கும் வளைமரம் எங்கே வரவேண்டும், தாழ்வாரம் எவ்வளவு நீளம் இருந்தால் சாய்மழை எஞ்சினை நனைக்காது, தட்டி கட்டும் கொளுவி எங்கே என்று 1:20 அளவில் வரைந்தேன். மேசன் ஒருவரைக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டி, இதை உங்களால் கட்ட முடியுமா என்று கேட்டுத் திருத்தினேன். முந்தியதை விட அழகு குறைந்த மொடல்தான். இறுதி ஜூரியில் அதே கட்டடக்கலைஞர் கிட்டத்தட்ட அரை மணி நேரம் அந்த 1:20 படத்தின் முன்னாலேயே நின்று கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நான் தெரிந்து சொல்லக்கூடிய பதில் இது. நீங்கள் வரைந்த ஒவ்வொரு கோட்டுக்கும் அந்த இடத்திலிருந்து ஒரு காரணம் இருக்க வேண்டும். தள வரைபடம், செக்ஷன் என்கிற வெட்டுமுகப் படம், மொடல், எழுத்தறிக்கை, நேர்முக விளக்கம் எல்லாம் அந்தக் காரணத்தைக் காட்டுகிற வழிகள். ஜூரி முறை கொடூரமானது, மாணவரை உடைக்கிறது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. தேவையில்லாமல் அவமானப்படுத்தும் ஜூரிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கிடைத்த அந்த ஒரு கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்காமல் பாஸ் போட்டிருந்தால் நான் இன்றைக்கும் யூலை மாதத்துக்கு மட்டும் வீடு கட்டிக்கொண்டிருப்பேன். வெளிநாட்டுக்காரன் சொல்லித்தான் சொந்த ஊர் மழை தெரிந்ததா என்றும் சிலர் கேட்பார்கள், கேட்டுமிருக்கிறார்கள். ஆம், எனக்கு அப்படித்தான் நடந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் பதில் கொடுத்தது மாமாவும் அந்த 11 வீடுகளும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில விஷயங்கள். சனத்திடம் பேட்டி எடுப்பதென்றால் பல பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். எனக்கு அது வரச் சில கிழமைகள் எடுத்தது. சம்மதப் படிவத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும், அதன் மொழிபெயர்ப்பையும் சமர்ப்பிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எடுத்த பேட்டியை அறிக்கையில் போட முடியாது என்று சொல்லிவிடுவார்கள். அடுத்தது, நீட்டிப்புக் கேட்பதென்றால் கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், விசா தேதியோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு, எல்லாம் பாஸ் ஆனாலும் பட்டம் தானாக வராது. பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், நூலகப் பாக்கி, கட்டணப் பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. என்னோடு படித்த ஒருவரின் பட்டம் ஒரு நூலகப் புத்தகத்தால் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போனது.

பட்டம் கையில் வந்ததும் கட்டடக்கலைஞர் என்று போர்டு மாட்டிவிட முடியாது. அவுஸ்திரேலியாவில் 3,300 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்து, எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடித்தால்தான் பதிவு. அமெரிக்காவில் 3,740 மணி நேரமும் ஆறு பகுதித் தேர்வும். தொழில் நடைமுறைப் பாடக் குறிப்புகளை எறியாதீர்கள் என்றது இந்தத் தேர்வுகளுக்காகத்தான். இலங்கையில் கட்டடக்கலைஞர் நிறுவகத்துக்கென்று 1976 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமும் 1996 திருத்தமும் இருக்கின்றன. அந்த நிறுவகத்தின் வழியாகத்தான் போகவேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பார்களா, மேலதிகமாக என்ன கேட்பார்கள் என்பதை ஊருக்கு வந்தபின் அல்ல, இப்போதே எழுதிக் கேளுங்கள். முடிக்காத பட்டத்தோடு வந்தால் கேட்பதற்கே உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. ஊருக்கு வந்த முதல் வருடத்தில் எனக்கு வந்த வேலைகளில் முக்கால்வாசி, "சும்மா ஒரு பிளான் கீறித் தாங்கோவன், நகரசபைக்குக் குடுக்க" என்ற வகை. சொந்தக்காரர், அம்மாவோடு படிப்பித்தவர்கள், கோயில் பழக்கம். திருகோணமலை உவர்மலையில் மூன்று மாடி கட்டுகிறவர் மாபிளுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பார், மேசனுக்கு நாட்கூலி கொடுப்பார், எலக்ட்ரிக் வேலைக்காரருக்கும் கொடுப்பார். வரைகிறவருக்கு மட்டும் ஒரு தேத்தண்ணி. ஏனென்றால் அது "கம்ப்யூட்டரில தட்டுறது தானே". ஒரு வீட்டுக்கு மண் பார்த்து, வெயில் பார்த்து, தண்ணீர் ஓடுகிற திசை பார்த்து இரண்டு மாதம் வேலை செய்தேன். கடைசியில் அந்தப் படத்தைக் கொண்டுபோய் வேறொருவரிடம் கொடுத்து, வாடைப் பக்கத் தாழ்வாரத்தை வெட்டிவிட்டுக் கட்டினார்கள். முதல் மாரியிலேயே ஹோலுக்குள் தண்ணீர். என்னிடம்தான் வந்து கேட்டார்கள். ஏழைச் சனத்துக்கு நான் காசு வாங்காமல் வரைந்திருக்கிறேன், இனியும் வரைவேன், இது அவர்களைப் பற்றியதல்ல. வசதி உள்ளவர்கள் எங்கள் படிப்பை வேலையாகவே எண்ணாதது வலிக்கிறது.

சரி. உங்கள் களம் எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. கிழக்குக் கரையில் எங்காவது என்றால் நவம்பருக்குப் பிறகு ஒருமுறை வந்து பாருங்கள். யூலைப் படங்களை மட்டும் நம்பாதீர்கள். என் தமிழ்ச் சம்மதப் படிவமும் அந்த 11 வீடுகளின் வெற்று அளவுத் தாளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பிவிடுகிறேன். திருகோணமலைக்குள் என்றால் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க நானே வருவேன். குடை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.