வெப்பமானி வாங்கும் முன்பு பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். குடிசைப் பகுதிகளிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் வெயிலின் பாதிப்பை ஆராய விரும்புகிறோம். ஒரு கட்டடக்கலைக் கல்லூரியும் ஒரு தொண்டு நிறுவனமும் சேரத் தயார். வெளிநாட்டு நிதியும் கிடைக்கலாம். ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் பட்டியலில் மாநகராட்சி இல்லையே, அங்கிருந்தே ஆரம்பியுங்கள். அனுமதிக் கடிதத்துக்காக மட்டும் அவர்களிடம் போகாதீர்கள். என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முடிவு செய்யும்போதே சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் கூட உட்கார வேண்டும்.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் 4,462 பேர் இறந்தார்கள். முன்னும் பின்னுமான ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டால் 1,344 பேர் அதிகம். இவர்களில் பெரும்பாலோரின் சான்றிதழில் ‘வெயில்’ என்ற சொல்லே இருந்திருக்காது. மொத்த இறப்புக் கணக்கைப் பார்த்ததால்தான் தெரிந்தது. அந்தக் கணக்கு இருந்தது மாநகராட்சியிடம். காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் மாநகராட்சியோடு சேர்ந்து வேலை செய்ததால், 2013-லேயே அந்த நகரத்துக்கு வெப்பச் செயல்திட்டம் வந்துவிட்டது.

நீங்கள் அதே கணக்கைக் கேட்கும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். மறுகுடியமர்வுக் குடியிருப்பு இருக்கும் பெரும்பாக்கத்திலிருந்து வந்து சென்ட்ரல் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், அது மருத்துவமனை இருக்கும் பகுதியின் கணக்கில் ஏறும். அதனால் பெயரை நீக்கிவிட்டு, வயது, பாலினம், இறந்த தேதியோடு குடியிருந்த பகுதியையும் கேட்டு வாங்குங்கள். இதைத் தவறவிட்டால் ஏழைகள் வாழும் பகுதிகளில் சாவே இல்லாததுபோல வரைபடம் காட்டும்.

அடுத்து, பொதுக் கேள்வி. மருத்துவர்களுக்கு நோயாளிக் கணக்கு வேண்டும், கட்டடக்கலைக்காரர்களுக்குக் கூரை, தொண்டு நிறுவனத்துக்குத் தண்ணீரும் குடியிருப்பு உரிமையும். மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: இரவில் வீட்டுக்குள் எவ்வளவு புழுக்கம், அதில் படுத்து எழுகிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகிறது, எதை மாற்றினால் குறையும்?

இரவு, வீட்டுக்குள் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க 37 டிகிரியும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலும் வேண்டும். சென்னையை வாட்டும் ஈரப்பதம் இந்த அளவுகோலில் இல்லை. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களில் எடுக்கும் அளவு, சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறைக்குள் இரவு பதினோரு மணிக்கு என்ன நிலை என்று சொல்லாது. அதனால் வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் பதியும் கருவியாக வாங்குங்கள். அடுப்புக்கும் வெயில் படும் சுவருக்கும் எட்டத்தில், ஆட்கள் படுக்கும் உயரத்தில் மாட்டுங்கள். அப்புறம், கருவியைப் பார்த்துக்கொள்ளவும் வீடு வீடாகக் கேள்வி கேட்கவும் அதே தெருப் பெண்களைச் சம்பளத்துக்கு எடுங்கள். “பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறீர்களா? வேலை இடத்தில் கழிப்பறை இருக்கிறதா?” என்று அவர்கள் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். வெயிலின் சுமை யார்மேல் கூடுதலாக விழுகிறது என்பது இந்த மாதிரிக் கேள்விகளில்தான் தெரியும்.

கருவி வாங்கும் முன்பு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். தரவு யாரிடம் இருக்கும், கட்டுரையில் யார் யார் பெயர் வரும், குடியிருப்பு மக்களுக்கு எந்த மாதத்தில் தமிழில் முடிவைச் சொல்வோம் என்ற மூன்றும் போதும். கட்டுரை வெளியாகும்வரை மக்களைக் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு, ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்ற சான்று வேண்டும். இந்தத் தகவலையாவது முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பணம்தான் கூட்டணியை உடைக்கும். 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, அந்தப் பணத்தை வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு நன்கொடையாக மாற்றித் தர முடியாது. மருத்துவக் கல்லூரி வாங்கித் தொண்டு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று திட்டம் இருந்தால், இப்போதே ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் காட்டுங்கள். வெளிநாட்டுக் கூட்டு என்றால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு ஒவ்வொரு கல்லூரியாக அலைய வேண்டாம். பல நிறுவனங்கள் சேர்ந்த ஆய்வுக்குப் பொதுக் குழு ஒன்றே பார்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இடம் தருகிறது.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். மார்ச்சில் கருவி மாட்டினால்தான் கத்திரி வெயில் வருவதற்குள் பழுது பார்த்துச் சரிசெய்ய முடியும். அப்படியானால் விண்ணப்பங்கள் ஆகஸ்டிலேயே போயிருக்க வேண்டும்.