டீசலா, பேட்டரியா, இரண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

மொரீஷியஸின் உல்லாசப் படகுகளில் டீசலோடு மின்மோட்டாரையும் சேர்க்கும் ஹைப்ரிட் முறை பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: என்னிடம் 12 மீட்டர் பாய்மரக் கட்டமரான் (இரட்டை உடல் படகு) இருக்கிறது. இரண்டு 30 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு ஈல் ஓ செர்ஃப் தீவுப் பக்கம் சுற்றிவருவோம். ஹைப்ரிட்டுக்கு மாறினால் டீசல் செலவு பாதியாகும் என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், த்ரூ தோ தூஸ்

பதில்: எந்த வேகத்தில் பாதியாகும் என்று அவரைக் கேளுங்கள். திணறினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு வேண்டிய சக்தி, ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். உங்கள் படகு ஆட்களோடு 8 டன் என்று வைத்துக்கொள்வோம். பவளப்பாறைக்கு உட்பட்ட அலையில்லாத லகூனில் 4 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், 1.85 கி.மீ.) வேகத்துக்கு ப்ரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டில் 4, 5 கிலோவாட் போதும். 6 நாட் போக 15 கிலோவாட் கேட்கும். வேகம் ஒன்றரை மடங்குதான், சக்தியோ மூன்று மடங்கைத் தாண்டுகிறது.

20 கிலோவாட்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 180 முதல் 200 கிலோ இருக்கும். அதை ஒட்ட உறிஞ்சாமல் 80 சதவீதம் எடுத்தால் கைக்கு வருவது 16. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் மோட்டாரிலும் 15 சதவீதம் வீணாகும். மிஞ்சியதை வைத்து 4 நாட்டில் 3 மணி நேரம், அதாவது 12 கடல்மைல் போகலாம். 6 நாட்டில் அதே பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, 5 கடல்மைலோடு சரி. இந்த வேலையை டீசலில் செய்ய 4 அல்லது 5 லிட்டர் போதும். 200 கிலோவைச் சுமந்து ஒரு நடைக்கு 5 லிட்டர் மிச்சம் பிடிக்கிறீர்கள். ஆண்டுக்கு ஐம்பது ஞாயிறு என்றால் 250 லிட்டர். அந்தத் தொகையை மாற்றும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது, சார்ஜ் எங்கே போடுவீர்கள்? உங்கள் படகு மிதவையில் கட்டிக் கிடந்தால் அங்கே மின்சாரம் கிடையாது. டீசலை ஓட்டி பேட்டரியை நிரப்பினால் ஜெனரேட்டர், பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நேராக கியர்பாக்ஸ் வழியாகப் போனால் இழப்பு 4 சதவீதம்தான். ஆகவே உங்களுக்குக் கை கொடுப்பது வெயில். கூரையில் நிழல் விழாமல் 1 கிலோவாட் சோலார் தகடு பதித்தால் நாளுக்குச் சுமார் 4 கிலோவாட்-மணி கிடைக்கும். ஃபிரிட்ஜுக்கு ஒன்று போனாலும் திங்கள் முதல் சனி வரை படகு சும்மா கிடக்கும்போது பேட்டரி தானாக நிரம்பிவிடும். வாரம் ஒருமுறை, மெதுவாக, லகூனுக்குள் என்ற உங்கள் பழக்கம் ஹைப்ரிட்டுக்குத் தோதானதுதான். தினமும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பணத்தில் வராத லாபமும் உண்டு. டீசல் நாற்றம் இல்லை, பின்பக்கம் கரி படியாது. மோட்டார் தொட்டவுடன் முழு முறுக்குவிசை தருவதால் மிதவையைப் பிடிப்பது எளிது. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கிறது. இவற்றுக்காக வாங்குகிறேன் என்றால் குறை சொல்ல மாட்டோம். டீசல் மிச்சத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கேள்வி: ரிவியேர் நுவாரில் மார்லின் என்ற பெரிய மீன் பிடிக்கப் போகும் வேகப் படகு, 300 குதிரைத்திறன். இதற்கு ஹைப்ரிட்?
– வாசகர், ஃப்ளிக் அன் ஃப்ளாக்

பதில்: வேண்டாம். தண்ணீருக்கு மேலே எழும்பி 20 நாட்டுக்கு மேல் ஓடும் படகு 150 கிலோவாட்டைச் சாதாரணமாக விழுங்கும். மேலே சொன்ன பேட்டரி அதற்கு ஆறு நிமிடம். பேட்டரி எடை கூடினால் எழும்பவே தடுமாறும். தூண்டிலை இழுத்தபடி 8 நாட்டில் போகும் நேரத்தைக் கணக்கில் காட்டுவார்கள். அப்படி ஆறேழு மணி நேரம் போவதற்கும் எந்தப் பேட்டரியும் பற்றாது.

கேள்வி: 10 மீட்டர் ஒற்றை எஞ்சின் படகில் ஷாஃப்டோடு பெல்ட் போட்டு 10 கிலோவாட் மோட்டார் சேர்க்கப் போகிறேன். எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், ரோஸ் ஹில்

பதில்: இதைப் பேரலல் ஹைப்ரிட் என்பார்கள். சின்னப் படகுக்கு இதுவே பொருத்தம். எஞ்சினை ஜெனரேட்டராக மட்டும் வைத்து மோட்டாரால் ஓட்டும் சீரியல் முறை, மின்சாரம் நிறையச் செலவாகும் பெரிய படகுகளுக்குத்தான்.

முதலில் கியர்பாக்ஸ். மோட்டார் ஷாஃப்டைச் சுற்றும்போது எஞ்சின் நியூட்ரலில் நிற்கும், ஆனால் கியர்பாக்ஸின் வெளிப்பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ப்ரொப்பெல்லரின் தள்ளுவிசையும் அதன் பேரிங்கில்தான் விழும். சில கியர்பாக்ஸில் எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுழலும். அப்படிப்பட்டதை நியூட்ரலில் மணிக்கணக்காகச் சுற்றவிட்டால் தேய்ந்துபோகும். உங்கள் மாடலுக்கு இது அனுமதிதானா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கியர் நெம்புகோலில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, நியூட்ரலில் இருந்தால் மட்டுமே மோட்டாருக்கு மின்சாரம் போகும்படி செய்வது கட்டாயம்.

மின்சாரப் பக்கம்: 16 செல் பேட்டரி, 51.2 வோல்ட், 200 ஆம்ப்-மணி, இரண்டு. 10 கிலோவாட்டுக்கு 48 வோல்ட்டில் 208 ஆம்ப் ஓடும். 70 சதுர மி.மீ. வெள்ளீயம் பூசிய செப்புக் கேபிள் போடுங்கள். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் 0.3 வோல்ட்தான் இழப்பு. பாசிட்டிவ் முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் 300 ஆம்ப் கிளாஸ்-டி (Class T) ஃப்யூஸ். கடையில் மலிவாகக் கிடைக்கும் கார் ஃப்யூஸை இங்கே மாட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், அதை அறுக்கும் வலு கார் ஃப்யூஸுக்கு இல்லை. கன்ட்ரோலருக்கு முன்னால் ப்ரீ-சார்ஜ் ரெசிஸ்டர் வேண்டும். இல்லையென்றால் சுவிட்ச் போடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் கபாசிட்டர் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுத்து, கான்டாக்டர் என்னும் பெரிய மின்சுவிட்சின் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நிறுத்த நினைத்தாலும் மோட்டார் நிற்காது.

அதிகம் கெட்டுப்போவது இவை ஒன்றும் அல்ல, கேபிள் நுனியில் இருக்கும் லக் என்னும் உலோக இணைப்பு முனை. சரியாக இறுகாத ஒரு லக்கில் ஒரு மில்லி-ஓம் தடை இருந்தாலும் 200 ஆம்பில் 40 வாட் சூடு, அதாவது ஒரு சாலிடரிங் அயர்ன். எஞ்சின் அதிர்வில் லக் தளரும். டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், ஓடும்போது அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

பேட்டரியை எஞ்சின் அறையில் வைக்காதீர்கள். மூடிய அறை 50 டிகிரியைத் தாண்டும், 45க்கு மேல் செல்லின் ஆயுள் வேகமாகக் குறையும். 48 வோல்ட்டின் நெகட்டிவை ஷாஃப்டோடும் எஞ்சின் உடலோடும் இணைக்காமல் தனியாக வையுங்கள். கசியும் மின்னோட்டம் ப்ரொப்பெல்லரை அரித்துத் தின்னும். ப்ரொப்பெல்லருக்குப் பதில் தான் கரையும் துத்தநாக அனோடை மாதம் ஒருமுறை பாருங்கள், திடீரென வேகமாகக் கரைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

டீசலை ஸ்டார்ட் செய்யும் 12 வோல்ட் பேட்டரியை எடுத்துவிடாதீர்கள். "எல்லாம் லித்தியத்திலிருந்தே ஓடட்டும்" என்பார்கள். பேட்டரி மேலாண்மைச் சுற்று ஏதோ ஒரு செல் காரணமாகப் படக்கென்று துண்டித்துவிட்டால், பவளப்பாறை வாயில் அலை உடையும் இடத்தில் உங்களுக்கு மோட்டாரும் இல்லை, எஞ்சினும் இல்லை. துண்டிப்பதற்கு முன் எச்சரிக்கை ஒலி எழுப்பும் சுற்றையே வாங்குங்கள். ஆல்டர்னேட்டர் ஓடும்போது அப்படித் துண்டித்தால் அதன் டயோடும் எரியும்.

கேள்வி: புளூ பேயில் முக்குளிக்க ஆட்களைக் கூட்டிப்போகிறோம். சத்தமில்லாத மோட்டார் அங்கே நல்லதுதானே?
– வாசகி, மாயேபூர்

பதில்: மீனுக்கு நல்லது. மூழ்கியிருப்பவருக்கு ஆபத்து. டீசல் என்றால் தண்ணீருக்குள் தலை இருக்கும்போதே காது எச்சரிக்கும். மின்மோட்டார் சுற்றத் தொடங்குவது பக்கத்தில் நீந்துபவருக்குத் தெரியவே தெரியாது. மோட்டார் ஆன் நிலையில் நின்றிருக்கும், யாரோ கைதவறி நெம்புகோலைத் தட்டுவார், ப்ரொப்பெல்லர் அந்த நொடியே சுற்றும். ஏணியை இறக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து சாவியைப் பையில் போட்டுக்கொள்வது என்பதை வழக்கமாக்குங்கள். எல்லாரையும் எண்ணி ஏற்றிய பிறகே மறுபடி போடுங்கள்.

புகையே இல்லை என்று சுற்றுலாப் பயணியிடம் அதிகம் பேசவும் வேண்டாம். கரையில் சார்ஜ் போட்டால் அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு கனரக எண்ணெயும் நிலக்கரியும் எரித்து வருவது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலத்தில் சக்கைப் பங்கு சற்றுக் கூடும், அவ்வளவே. லகூன் தண்ணீரில் எண்ணெய் சொட்டாது என்பது மட்டும் உண்மை.

கேள்வி: பாயில் போகும்போது ப்ரொப்பெல்லர் சுற்றி பேட்டரி நிரம்பும் என்கிறார்களே?
– வாசகர், கிரான் பே

பதில்: நிரம்பும், ஆனால் மெதுவாக. 5 நாட்டுக்குக் கீழே ஒன்றும் வராது. 6, 7 நாட்டில் ஒரு ப்ரொப்பெல்லருக்கு 200 முதல் 400 வாட், பதிலுக்கு அரை நாட் வேகம் குறையும். லகூனுக்குள் பயனில்லை. தென்கிழக்குக் காற்றில் ரீயூனியன் தீவுக்குப் போகிறீர்கள் என்றால், 18 மணி நேரப் பயணத்தில் 5, 6 கிலோவாட்-மணி சேரலாம். ஆட்டோபைலட்டும் விளக்கும் ஃபிரிட்ஜும் அதில் ஓடிவிடும். ஷாஃப்டின் முனகல் இரவு முழுக்கக் கேட்கும் என்பதையும் படுக்கை பின்பக்கத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

கேள்வி: சூறாவளிப் பருவத்தில் படகைக் கரையேற்றி வைக்கும்போது பேட்டரியை என்ன செய்வது?
– வாசகர், திரியோலே

பதில்: முழுக்க நிரப்பி வைக்காதீர்கள். 50 முதல் 60 சதவீதத்தில் நிறுத்தி மெயின் சுவிட்சை அணையுங்கள். மேலாண்மைச் சுற்று தானே கொஞ்சம் குடிக்கும், ஆகவே மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். முதல் எச்சரிக்கை வந்ததுமே சோலார் தகடுகளைக் கழற்றுங்கள், காற்று ஏறிய பிறகு கூரையில் நிற்க முடியாது. டீசலை அதிகம் ஓட்டாத ஹைப்ரிட் படகில் டாங்கில் தண்ணீர் சேர்ந்து நுண்ணுயிர்கள் வளரும், கடல்நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) ஒரே நிலையில் விறைத்துக்கொள்ளும். பருவம் முழுக்க மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரைக் கொடுத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். படகு மறுபடி கடலில் இறங்கியதும் முதல் நாளே நல்ல சுமையில் அரைமணி ஓட்டிக் கரியை எரித்துவிடுங்கள்.

கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்திருந்தால் கழுவி உலர்த்திச் சார்ஜ் போட்டுப் பார்ப்போம் என்று எண்ணவே கூடாது. உப்பு உள்ளே இருக்கும்வரை மின்சாரம் கசியும், சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். வீட்டை விட்டும் மற்ற படகுகளை விட்டும் தள்ளித் திறந்தவெளியில் வைத்து, விற்றவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 7 மீட்டர் பிரோக் என்ற சிறிய மீன்பிடிப் படகு, 15 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு. எனக்கு இதெல்லாம் எட்டுமா?
– வாசகர், போஸ்ட் லஃபாயெட்

பதில்: உங்களுக்குத்தான் மிக எளிது. பெட்ரோல் எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு தாங்கியில் 3 கிலோவாட் மின் அவுட்போர்டு மாட்டுங்கள். 5 கிலோவாட்-மணி பேட்டரி, 50 கிலோ எடை, படகின் நடுவில். லகூனில் 4 நாட் போக அது 2 கிலோவாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வீட்டுச் சுவரில் இரவு சார்ஜ். பாறை வாயைத் தாண்ட வேண்டியிருந்தால் பெட்ரோல். கியர்பாக்ஸ் தொல்லை இல்லை, எதுவும் எதையும் கெடுக்காது. ஓடாத எஞ்சினைத் தண்ணீரிலிருந்து தூக்கி வையுங்கள், இழுவை குறையும். இரண்டும் பின்பக்கம் தொங்குவதால் வால் தாழும், பெட்ரோல் டாங்கை முன்னால் நகர்த்தினால் சரியாகும்.