புத்தியால் ஆராய்ந்து இறைவனை அறிய முடியாது என்று சீக்கியம் சொல்வது ஏன்?

சீக்கியத்தில் 'ஹௌமை' என்றால் 'நான், எனது' என்ற முனைப்பு. மனிதனை இறைவனிடமிருந்து பிரித்து வைப்பது அதுதான் என்கிறார் சீக்கியத்தைத் தொடங்கிய குரு நானக். ஆயிரம், லட்சம் என்று சாமர்த்தியங்கள் சேர்ந்தாலும் ஒன்றுகூட உடன் வராது என்று தாம் பாடிய ஜப்ஜி சாஹிப் என்ற துதிப்பாடலின் தொடக்கத்திலேயே அடித்துச் சொல்லிவிடுகிறார். காரணம், ஆராய்கிற புத்தியை ஆட்டிவைப்பதும் பெரும்பாலும் அதே முனைப்புதான். திருட்டு வழக்கை விசாரிக்கத் திருடனையே நியமித்தால் என்ன ஆகும்? அறிக்கை நேர்த்தியாக வரும். ஆள் மட்டும் அகப்படமாட்டான்.

வண்டி வண்டியாக நூல்களைப் படித்துத் தள்ளியவர்களையும் ஆசா தி வார் என்ற இன்னொரு பாடல் தொகுப்பில் அவர் விட்டுவைக்கவில்லை. கணக்கில் சேருவது ஒன்றே, மற்றதெல்லாம் ஹௌமையின் பிதற்றல் என்கிறார். கேலி சற்றுக் காரமானதுதான். அவர் காட்டும் வழி இறையாணைக்கு இசைந்து நடப்பது: நாமத்தை நினைப்பது, உழைத்து உண்பது, பகிர்ந்து கொடுப்பது. குருத்வாராவில் எல்லோருக்கும் உணவளிக்கும் பொதுச் சமையற்கூடமான லங்கரில் எச்சில் தட்டுகளைக் கழுவும்போது பட்டம், பதவி எதுவும் கைகொடுப்பதில்லை. முனைப்பு அங்கே தானாகக் கரையத் தொடங்குகிறது.

இதை வைத்துச் சீக்கியம் அறிவுக்கு எதிரி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்; ஆனால் ஜப்ஜி சொல்லும் ஐந்து ஆன்மிக நிலைகளில் இரண்டாவதே ஞானம், புத்தியோடு இறைவனுக்குத் தொண்டு செய்யுமாறு பாடியவரும் அதே நானக்தான்.