அடி வாங்காதவரின் அச்சம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா தினமும் குடித்துவிட்டு வருவார். என்னை ஒருநாளும் தொட்டதில்லை, அம்மாவைத்தான் அடிப்பார். இன்று என் கணவர் குரலை உயர்த்திப் பேசுபவர்கூட இல்லை. ஆனாலும் மாலையில் வீடு திரும்பியதும் வண்டிச் சாவியை அவர் மேசைமேல் சற்று ஓங்கி வைத்தால் என் கைகள் சில்லிட்டுவிடுகின்றன. எதற்கென்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு வெட்கமாக இருக்கிறது. அடியே வாங்காத நான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா?

ர.

அன்புள்ள ர.,

இல்லை. பி.டி.எஸ்.டி. எனப்படும் மன அதிர்ச்சிக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களே பெரிதும் பேசப்பட்டார்கள். விட்டு விலக முடியாத இடத்தில், தான் சார்ந்து வாழும் ஒருவராலேயே ஆண்டுக்கணக்கில் அச்சுறுத்தப்படுபவரின் நிலை அதிலிருந்து வேறுபட்டது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வாதிட்டார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகவே குறிக்கிறது. வன்முறையை நேரில் பார்ப்பதும் பாதிப்பை உண்டாக்கும் என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டுள்ளது. அடி உங்கள்மேல் விழவில்லை என்பதால் பாதிப்பே இல்லை என்று ஆகிவிடாது.

பழைய அச்சம் இப்போது நிகழ்வதுபோல் மீள்வது, அதை நினைவூட்டுபவற்றைத் தவிர்ப்பது, ஓயாத எச்சரிக்கை ஆகியவற்றுடன், உணர்ச்சிகள் கட்டுக்கு அடங்காமையும், தன்னைத் தாழ்வாக எண்ணுவதும், நெருங்கிய உறவுகளில் தடுமாற்றமும் இந்நிலையின் கூறுகள். உங்களுக்கு இருப்பது இதுதானா என்பதை மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோதான் சொல்ல முடியும். ஆனால் பிறகு வரும் அந்த வெட்கத்தை உங்களைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் பாதிப்பின் ஒரு பகுதியாக இருக்கலாம்.

இனி, சாவி. குக்கர் விசிலும் தீபாவளி வெடியும் சாவியைவிடப் பெரிய ஓசைகள்தாம், ஆனால் அவை உங்களை ஒன்றும் செய்யாமலிருக்கக்கூடும். ஓசையின் அளவைவிட, அது ஒருகாலத்தில் எதை அறிவித்தது என்பதே முக்கியம். குடிப்பவரின் வீட்டில் வளரும் குழந்தை, வண்டி நிற்கும் விதம், செருப்பைக் கழற்றும் வேகம், சாவி விழும் ஓசை ஆகியவற்றிலிருந்து அன்றைய இரவைக் கணித்துவிடுகிறது. மூளையின் அமிக்டலா என்னும் பகுதி, நாம் யோசித்து முடிப்பதற்குள் அந்தக் கணிப்பின்படி உடலை ஆயத்தப்படுத்திவிடுகிறது. பெரும்பாலும் அப்பாவின் முகமோ பழைய காட்சியோ மனதில் வருவதில்லை, பயம் மட்டுமே வருகிறது. அதனால்தான் அந்தப் பயத்துக்கு எதிரில் நிற்பவரே காரணம் என்று தோன்றிவிடுகிறது. மது வாடை, மாலை ஏழு மணி, ஒருவர் பேசாமல் அமர்ந்திருப்பது ஆகியவைகூட இவ்வாறு தூண்டிவிடலாம்.

நீங்கள் கேட்கும் மன்னிப்பும் இதைச் சேர்ந்ததுதான். எதிர்க்கவும் ஓடவும் இயலாத குழந்தைக்கு எஞ்சியிருப்பது உறைந்துபோவதும் சமாதானப்படுத்துவதும்தான். நம் குடும்பங்களில் இதை ‘அனுசரித்துப் போகும் பெண்’ என்று பாராட்டிவிடுவதால், பல ஆண்டுகள் யாருமே கவனிப்பதில்லை. எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பாராட்டு இது.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் அந்த நேரத்தில் அல்ல, இருவரும் நிதானமாக இருக்கும் வேறொரு பொழுதில். அவர் ஆயுள் முழுவதும் ஓசையின்றி நடமாட வேண்டியதில்லை, அத்தகைய தவிர்ப்பு அச்சத்தை வளர்க்கவே செய்யும். “களைப்புதான், உன்மேல் கோபமில்லை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்களும் அக்கணத்தில் பாதங்களைத் தரையில் அழுத்தி, இது எந்த ஆண்டு, யாருடைய வீடு என்று உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்.

இவை சிகிச்சைக்கு மாற்றல்ல. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும், அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண்களை இருபுறமும் அசைத்தபடி பழைய நினைவை எதிர்கொள்ளும் இ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அழையுங்கள். எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும்படி வற்புறுத்துபவரிடமும், “உங்களை அடிக்கவில்லையே” என்று பேச்சை முடித்துவிடுபவரிடமும் இரண்டாம் முறை போக வேண்டாம், வேறொருவரைப் பாருங்கள்.