கிரஷர் தூசிக்கு சாட்டிலைட் சாட்சி சொல்லுமா?

கேள்வி: கேரளத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. எல்லை தாண்டி, கோவை மாவட்டத்தில் கல்குவாரியும் கிரஷரும் ஓடுகின்றன. மார்கழியில் கிழக்குக் காற்று பிடித்தால் ஓலையெல்லாம் மாவு பூசினாற்போல் ஆகிவிடுகிறது. சாட்டிலைட் ரிப்போர்ட் இருந்தால் கேஸ் நிற்கும், 25,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அரபு நாட்டிலிருந்து கடல் தாண்டி வரும் பாலைவனப் புழுதியை சாட்டிலைட் நன்றாகவே காட்டும். கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு 2023 மார்ச்சில் நாள்கணக்கில் எரிந்ததே, அந்த அளவு புகையும் தெரியும். ஒரு கிரஷரின் தூசி தரையை ஒட்டியே நகர்ந்து படிந்துவிடும். இலவசமாகக் கிடைப்பதில் தெளிவானது ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட். அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். சுமார் 5 நாளுக்கு ஒருமுறை, காலை 11 மணியை ஒட்டி உங்கள் ஊரைக் கடக்கும். ராத்திரி ஓடும் கிரஷரை அது எப்படிப் பார்க்கும்?

இந்த ரிப்போர்ட்காரர்கள் விற்பது சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வரைபடம். பெரும்பாலும் நாசா சாட்டிலைட்டில் உள்ள மோடிஸ் என்ற கருவியின் தரவு. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதில் பரவலாகப் புழங்கும் வகையில் ஒரு கட்டம் 10 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர். உங்கள் தோப்பு, கிரஷர், நடுவில் டிப்பர் ஓடும் ரோடு எல்லாமே ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். தவிர, தரையிலிருந்து வானம் வரை உள்ள தூசியை மொத்தமாகச் சொல்லும் கணக்கு அது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் கிழித்துப் போடுவார். என்னிடம் ஒரு விவசாயி கொண்டு வந்த ரிப்போர்ட்டில் 'இன்றைய நிலை' என்று அச்சிட்ட படத்தின் ஓரத்திலேயே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. கூகுள் எர்த்தில் எடுத்து ஒட்டியது. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். வயிறு எரிந்தது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் சாட்டிலைட் கைகொடுக்கும்: குவாரிக் குழி எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்ட. சென்டினல் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு வருடத்து பிப்ரவரி படத்தையும் எடுத்து வரிசையாக வையுங்கள். மாதத்தை மாற்றாதீர்கள், மழைக்குப் பிந்தைய படத்தில் புல் முளைத்து, குழியின் ஓரம் பச்சையாகத் தெரிந்து ஏமாற்றும். அனுமதி தந்த சர்வே எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, அந்த எல்லையைப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 10 மீட்டர் மீறல் என்றால் வாயே திறக்காதீர்கள், படத்தின் ஒரு புள்ளியே அவ்வளவுதான். 40 மீட்டர் தாண்டியிருந்தால் யாராலும் மறைக்க முடியாது.

தூசிக்கு ஆதாரம் தரையில்தான் கிடைக்கும். எவர்சில்வர் தட்டில் தேங்காயெண்ணெய் தடவி, தோப்பின் கிழக்கு ஓரத்தில் ஒன்றும் மேற்கு ஓரத்தில் ஒன்றும் ஒரு நாள் வையுங்கள். விரலில் தேய்த்தால் கல்தூள் நறநறக்கும். தேதி தெரிய போட்டோ எடுங்கள். இது அதிகாரியை வரவழைக்க மட்டும். கோர்ட்டுக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் பிஎம்-10, அதாவது காற்றில் மிதக்கும் நுண்தூசியை, அளந்து தர வேண்டும். 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

இந்தப் பக்கத்து அலுவலகம் கிரஷர் எங்கள் எல்லையில் இல்லை என்னும். அந்தப் பக்கம் தோப்பு எங்கள் எல்லையில் இல்லை என்னும். வருடக்கணக்காக இதே பாட்டு. சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இரண்டு மாநிலத்துக்கும் பொது. இழப்பீடு கேட்க 5 வருட அவகாசம். மற்ற வழக்குக்கு, பிரச்சினை தொடங்கியதிலிருந்து 6 மாதம்தான். இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் மனு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.