வலி போனாலும் தசை திரும்பவில்லை

கேள்வி: பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். இடுப்பு வலிக்காரர்கள்தான் அதிகம். குணமாகிப் போனவர்கள் சில மாதங்களில் மறுபடி வந்து நிற்கிறார்கள். ஏன் என்று ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டிலோ, “ஆராய்ச்சி சோறு போடுமா? சொந்தமாக கிளினிக் வை” என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- வாசகி, திண்டுக்கல்

அன்புச் சகோதரிக்கு,

ஆராய்ச்சிக்குப் போங்கள். உங்கள் கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜூலி ஹைட்ஸ் இதைத்தான் ஆராய்ந்தார். அவரும் பிசியோதெரபிஸ்ட். முதல் தடவையாக இடுப்பு வலி வந்த 39 பேரின் மல்டிஃபிடஸ் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தார். முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் ஓடும் தசை அது. வலி இருந்த பக்கம் அது சிறுத்திருந்தது. 4 வாரத்தில் அநேகமாக எல்லோருக்கும் வலி போய்விட்டது. ஆனால் அந்தத் தசைக்கென்று பயிற்சி செய்யாதவர்களுக்கு 10 வாரமாகியும் தசை பழைய அளவுக்கு வரவில்லை. 1996இல் வந்த முடிவு இது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும் செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கும் வலி திரும்பியிருந்தது. “வலிதான் போயிடுச்சே, இனிமே கரண்ட் ட்ரீட்மென்ட் எதுக்கு?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிறாரே உங்கள் நோயாளி, அவருடைய கதைதான் இது.

அதே பல்கலைக்கழகத்தில், அதே 1996இல், பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் வேறொன்றைக் காட்டினார்கள். நிற்கும் ஒருவர் கையைத் தூக்கும்போது, தோள் தசைக்கு முன்பே வயிற்றின் ஆழத்திலுள்ள தசை வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அது தாமதமாகிறது. மெல்லிய கம்பியைத் தசைக்குள் செலுத்தி, தசையில் எழும் மின்துடிப்பை அளந்தார்கள். வலியில்லாத 15 பேர், வலியுள்ள 15 பேர், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்தச் சின்ன ஆய்வை வைத்து உலகமே வயிற்றை உள்ளிழுக்கும் பயிற்சியில் இறங்கியது. பின்னால் பெரிய அளவில் ஒப்பிட்டபோது, நாள்பட்ட வலிக்கு அது மற்ற பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் இல்லை என்று தெரிந்தது. நமக்குப் பிடித்த முடிவையே நாளை இன்னொருவர் தள்ளிவைப்பார். அதைத் தாங்கும் மனசு இந்த வேலைக்கு மிகவும் வேண்டும்.

சரி, சோறு? முதலில் எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை) முடிக்க வேண்டும், அப்புறம் பிஎச்.டி. உதவித்தொகை கிடைத்தாலும் சில வருடம் கை இறுக்கம்தான். வீட்டில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை கிளினிக்கை விடாமல் பாருங்கள். பணத்துக்கு மட்டுமல்ல, நோயாளிகளைப் பார்க்காமல் போனால் கேள்விகள் வறண்டுவிடும். கல்லூரியின் பெயரைவிட, தசையின் மின்துடிப்பை அளக்கும் இ.எம்.ஜி. கருவியும் அல்ட்ராசவுண்டும் மாணவர் கைக்கு வருமா என்று விசாரியுங்கள். வழிகாட்டியிடம் ஏற்கெனவே படித்தவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள்.

இப்போதே ஒரு நோட்டு போடுங்கள். திரும்பி வருகிற ஒவ்வொருவருக்கும், எந்தப் பக்கம் வலி, எத்தனை மாதம் கழித்து வந்தார், சொன்ன பயிற்சியை எந்த வாரத்தில் நிறுத்தினார் என்று எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம்.